தேங்காய் எண்ணெயில் சூடு ஏறியது நிஜம்

1

இந்தக் குளிரோடு நான் கனடாவுக்கு வந்து எட்டு வருஷம் முடிகிறது. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க என்னக்கா விசேஷம்?" எட்டு வருஷமாக "பனி பெய்யுது" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கலைச்செல்வி கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். எண் மட்டும் யாருக்கும் சளைக்காமல் எழுதுவேன். அவள் அடித்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். எங்கேயாவது அவளாகக் குறைத்திருந்தால் திரும்பப் போடச் சொல்கிறேன். கதை அவளைப் பற்றியது என்பதால் அவளுக்குக் கூச்சம். எனக்கு அதெல்லாம் கிடையாது.

எண் எப்படி வந்தது என்றால், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷம் பிசிக்ஸ் லேப் அட்டெண்டராக இருந்தேன். வீட்டுக்காரர் போனபிறகு கிடைத்த வேலை. குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. சம்பளம் பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும் என்று பஸ் ஏறினேன்.

பெருக்கித் துடைக்கத்தான் எடுத்தார்கள். இரண்டாவது வருஷமே சாமான்களை எடுத்து வைக்கிற வேலையும் லேப் சாவியும் என்னிடம் வந்துவிட்டன. எந்த லென்ஸில் கீறல், எந்த ஸ்டாப்வாட்ச் அரை வினாடி திருடும், எந்தத் தெர்மாமீட்டர் கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் தொண்ணூற்றெட்டுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் தெரியாது. எவ்வளவு என்று கேட்டால் தெரியும்.

இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டால் அறை முழுக்க ஒரே மஞ்சள். அந்த வெளிச்சத்தில் குங்குமம் கறுப்பாகத் தெரியும். தலையில் இருக்கும் கனகாம்பரம் சாம்பல் நிறமாகிவிடும். புதிதாக வந்த பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "ஏடி, பேய் மாதிரி இருக்கடி" என்று சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதன்பிறகுதான் ஒளியைப் பற்றிய பாடமே தொடங்கும்.

2

அந்த லேப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வழக்கம் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. நடத்தியதே நான்தான்.

பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் மேற்பார்வைக்கு வருவார். பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். அளவு எடுத்துக் கணக்குப் போட்டால், புத்தகத்தில் இருக்கும் விடை வராது. முக்கியமாக லீ தட்டு. ஓர் அட்டை வழியாகச் சூடு எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. எங்கள் லேப்பில் இருந்த தட்டு இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூடப் புத்தக விடையைக் கொடுத்ததில்லை.

நான் துணியோடு மேசை துடைக்கப் போவேன். "எம்புட்டுக்கா வரணும்?" என்று உதடு அசையாமல் கேட்பார்கள். நானும் மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்த விடை வருவதற்கு நடுவில் என்னென்ன அளவு எழுத வேண்டும் என்று அவர்கள் பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் ஜன்னல் வழியே மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரும் ஒரு காலத்தில் யாரிடமோ கேட்டவர்தானே.

எனக்கு அதில் பெருமைதான். பேகம்பூரில் கறி வாங்கப் போனால், "அக்கா, ஒங்க புண்ணியத்துல பாஸானேன்" என்று எலும்பைத் தள்ளிவிட்டு நல்ல கறியாகப் போட்டுக் கொடுத்தவர் உண்டு.

கேட்காதவள் ஒருத்திதான். அய்யலூர்ப் பிள்ளை. அப்பா ஆட்டு வியாபாரி. பரீட்சையில் அவளுக்கு அந்த லீ தட்டே வந்து வாய்த்தது. நான் மேசை துடைக்கப் போனேன். அவள் தலை நிமிரவில்லை. பாவமாக இருந்தது. நானே வலியப் போய், "பாப்பா, கொஞ்சம் கொறையுது போல" என்றேன்.

"கொறஞ்சாக் கொறயட்டும்க்கா. வர்றதத்தான எழுத முடியும்?"

வந்ததை எழுதினாள். மதிப்பெண்ணும் குறைந்தது. இந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவள்தான் கலைச்செல்வி.

என் மகன் முருகேசன் அப்போதே கனடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கலைச்செல்விக்குப் பிஎஸ்ஸி இரண்டு வருஷம் முடிந்திருந்தபோது கல்யாணம். மூன்றாம் வருஷம் தொடங்குவதற்குள் விசா வந்துவிட்டது. அவள் அப்பா, "போற எடத்துல படிச்சுக்கத்தா, அங்க இல்லாத காலேஜா?" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு அவள் பத்து வருஷத்துக்கு மேல் கொடுத்தாள். பேத்தி பிறந்தபோது நான் இங்கே வந்து பார்த்தால், கலை ஒரு பலசரக்குக் கடையில் நின்றுகொண்டு, ராத்திரியும் பகலும் கிடைத்த நேரத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

3

இங்கே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. திண்டுக்கல்லில் படித்ததை எடைபோட ஓர் ஆபீஸ். போட்ட எடை சரியா என்று பார்க்க இன்னோர் ஆபீஸ். பாக்கி இருந்த பாடங்களை ஒவ்வொன்றாக இங்கே முடித்தாள். கடைசியில் பார்த்தால், ஊரிலேயே படித்துப் பாஸான இரண்டு பாடத்தைத் திரும்பப் படி என்றார்கள். ஒன்று வெப்பம். இன்னொன்று அலையும் ஒளியும். அந்தப் பாடங்களுக்கு அவள் லேப்பில் எத்தனை மணி நேரம் நின்றாள் என்பதற்குச் சான்று இல்லையாம்.

"அந்த லேப் சாவி என் இடுப்புலதான இருந்துச்சு. நான் தாரேன் சான்று" என்றேன்.

"ஒங்க சாவிக்கொத்தத்தான் அத்தை சீலாக் குத்தணும்" என்று சிரித்தாள். கல்லூரியில் அக்கா என்று கூப்பிட்டவள், கல்யாணத்திலிருந்து அத்தை என்கிறாள்.

அலையும் ஒளியும் முதலில் முடிந்தது. நல்ல மதிப்பெண். வெப்பம் பாக்கி. அதையும் முடித்துவிட்டால் வருகிற செப்டம்பரில் ஆசிரியர் பயிற்சியில் இடம். முடிக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. "இன்னொரு தடவை வரிசையில நிக்க எனக்குத் தெம்பில்ல அத்தை" என்று அவளே சொல்லியிருந்தாள்.

இங்கே என் காலைப்பொழுது தேங்காய் எண்ணெயில் தொடங்கும். குளிர் வந்துவிட்டால் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிற்கவைத்து, உருகினபிறகு பேத்திக்குத் தலை வாருவேன். வாசம் அடிக்கும், பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், வேண்டாம் என்று அவள் இங்கிலீஷில் மறுப்பாள். நான் தமிழில் தடவிவிடுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்போதைக்கு அந்தச் சீப்பு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெப்பப் பாடத்தில் வீட்டில் செய்ய ஒரு சோதனை கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு திரவத்தைச் சூடாக்கி, ஆறவைத்து, நிமிஷத்துக்கு ஒரு முறை சூட்டைக் குறித்து, அது எப்படி ஆறுகிறது என்று விளக்க வேண்டும். "எல்லாரும் காப்பி வெப்பாங்க. நான் தேங்காண்ணெய் வெக்கிறேன்" என்றாள் கலை.

ஒரு சனிக்கிழமை. எண்ணெயை உருக்கிச் சூடாக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கல்லூரி கொடுத்த தெர்மாமீட்டரை அதில் நிறுத்தி, ஹீட்டர் இல்லாத பின்பக்கக் கண்ணாடி அறையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்த கையோடு கடையிலிருந்து போன். ஆள் வரவில்லை, உடனே வர முடியுமா என்று.

"விட்ருவோம் அத்தை. நாளைக்கிப் பாத்துக்கறேன்."

"ஏன் விடணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"இல்ல அத்தை, கண்ண நேரா வெச்சுப் பாக்கணும்..."

"ஏத்தா, எனக்கேவா?"

சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

இருபத்திரண்டு நிமிஷம் வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்த நிமிஷம் புகை அலாரம் அடித்தது. இந்த ஊரில் மிளகாய் தாளித்தால் வீடே அலறும். வெஞ்சனத்துக்குத் தாளித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்திருந்தேன். ஓடிப்போய் அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஸ்டூல் போட்டு ஏறித் துண்டால் விசிறி, அது வாய் மூடியபிறகு வந்து பார்த்தால் ஏழு நிமிஷம் போயிருந்தது. தாளில் ஏழு வரி காலியாக இருந்தது.

என் கை என்னைக் கேட்கவில்லை. அரை டிகிரி, அரை டிகிரியாக ஏழு வரியையும் இறக்கி எழுதிவிட்டது. அழகாக இருந்தது. மேலேயும் கீழேயும் இருந்த நிஜ அளவுகளைவிட அந்த ஏழும்தான் அழகு.

அதன்பிறகு நான் அங்கிருந்து நகரவில்லை. எண்ணெய் இருபத்திரண்டு டிகிரியைத் தாண்டி இறங்கியது. வெளுக்க வேண்டிய எண்ணெய் வெளுக்காமல், தண்ணீராகவே நின்றது. இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது. திடீரென்று டம்ளரின் அடியில் வெள்ளை நூல் ஒன்று ஓடியது. தெர்மாமீட்டர் ஏறத் தொடங்கியது.

ஆறுகிற பொருள் எப்படி ஏறும்? கையை எடுத்துவிட்டு, மூச்சு படாமல் தள்ளி நின்று பார்த்தேன். வெயில் இல்லை. பக்கத்தில் சூடாக ஒன்றும் இல்லை. பத்தொன்பதரை, இருபதரை, இருபத்தொன்று, இருபத்திரண்டு. அங்கே வந்து நின்றுகொண்டது.

ஏழு வரி பொய் எழுதிய கைக்கு இதையும் இறக்கி எழுதுவது பெரிய வேலை இல்லை. லேப்பில் ஒரு பிள்ளை இந்த அளவோடு வந்து நின்றிருந்தால், "தப்பு பாப்பா, மாத்தி எழுது" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கண்ணுக்கு நேரே ஏறுகிறது. ஏறியதை ஏறியபடியே எழுதினேன்.

சாயங்காலம் கலை தாளைப் பார்த்தாள். "அத்தை, இது ஏறுதே?"

"ஏறுச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

அந்த ஏழு வரியைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் அறிக்கையை எழுதி, எல்லாம் என் சொந்த வேலை என்று ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்து அனுப்பிவிட்டாள்.

4

இரண்டு வாரம் கழித்து, அறிக்கையைத் திருத்தும் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. வெளியிலிருந்து சூடு கொடுக்காமல் வெப்பநிலை ஏறாது, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தாள். நானே எடுத்தேன் என்று கலை பதில் போட்டாள். அப்படியானால் ஏறியபோது எண்ணெய் பார்க்க எப்படி இருந்தது என்று அடுத்த கேள்வி. கலை பார்க்கவில்லையே. ஏதோ எழுதிச் சமாளித்தாள். அது ஒட்டவில்லை.

இந்த ஊரில் நேர்மைக்கென்று தனி ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். விஷயம் அங்கே போய்விட்டது. விசாரணைக்கு வரச்சொல்லி மூன்று பக்கக் கடிதம். அளவுகள் இட்டுக்கட்டியவை என்று உறுதியானால் பாடம் ரத்து. ஏறியதைத்தான் பொய் என்றார்கள். நான் கற்பனை செய்த ஏழு வரியின் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், கலை வேலை முடிந்து வந்து காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பனி மூடத் தொடங்கிவிட்டது. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். கடிதத்தில் இருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"சீட்டு போச்சு அத்தை. நீங்க பாத்து எழுதுனதுதான? எல்லாமே?"

"ஏறுனது அம்புட்டும் பாத்து எழுதுனது."

"எல்லாமேன்னு கேட்டேன்."

இருபத்தாறு வருஷம் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசியவள், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஏழு வரி பாக்கல. அலாரம் அடிச்சப்ப விட்டுப்போச்சு. நானா போட்டேன்."

அவள் தலையை ஸ்டியரிங்கில் சாய்த்தாள். ஹார்ன் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். அவள் தலையை எடுக்கவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"காலேஜ்ல ஒரு தடவையாச்சும் ஒங்ககிட்ட அளவு கேட்ருக்கனா?"

"இல்லத்தா."

"கேக்காதவளுக்கு இங்க வந்து குடுத்துட்டீங்களே அத்தை."

பேகம்பூர்க் கறி எல்லாம் அப்போது தொண்டையில் வந்து நின்றது.

"ஏழு பொய்யின்னா, ஏறுனது மட்டும் நெசம்னு யாரு நம்புவா? நானே எப்பிடி நம்பறது?"

"திரும்ப வெச்சுப் பாப்போம். வா."

அதே டம்ளர், அதே அறை. இந்தத் தடவை கலையே நின்றாள். படித்தவள் அல்லவா, சோதனைத்தாளில் இருந்தபடி ஒவ்வொரு நிமிஷமும் மெதுவாகக் கலக்கிவிட்டு அளவு எடுத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். இருபத்திரண்டு வந்தது. எண்ணெய் வெளுத்தது. அங்கேயே நின்றது. ஏறவில்லை.

கலை திட்டியிருந்தால்கூடத் தேவலை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. அவள் நின்றபடியே காப்பியில் சர்க்கரை போட்டுக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு கலக்கிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தட்டியது. நான் கலக்கவில்லை. சனிக்கிழமை அவசரத்தில் அவள் எனக்குக் கரண்டியை எடுத்துவைக்கவே இல்லை. ஒன்றரை மணி நேரம் அந்த எண்ணெயை ஒருவரும் தொடவில்லை.

"கலை, நானும் வாரேன்."

"நீங்க வந்து என்ன அத்தை செய்ய?"

"அளவு எடுத்தவ நானு. நீ போயி என்னத்தச் சொல்லுவ?"

அவள் என் பூட்ஸை எடுத்துவந்து காலடியில் வைத்தாள். நான் எண்ணெய் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

5

மூன்று பேர் இருந்தார்கள். நேர்மை ஆபீஸ் அம்மா, பாடம் நடத்தும் பேராசிரியர், அறிக்கையைத் திருத்திய பெண். குற்றம் சாட்டப்பட்டவளே எனக்கு மொழிபெயர்க்கக் கூடாதாம். அதனால் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அம்மா, நீங்கள் பதறாமல் ஆறுதலாக் கதையுங்கோ" என்றது போன். அந்தத் தமிழைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது.

சொன்னேன். ஏழு வரி நான் இட்டுக்கட்டியது, கலைக்குத் தெரியாது, ஊரில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக் கொடுத்துப் பழகிய கை இது, என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

போனில் இருந்தவர் மெதுவாக, "அம்மா, இதை அப்பிடியே சொல்லட்டோ? உங்களுக்கெல்லே பிரச்சினை வரும்" என்றார்.

"அப்படியே சொல்லுங்க தம்பி. ஒரு வார்த்த கொறைக்காதீங்க."

சொன்னார். திருத்திய பெண் சட்டென்று தாளை எடுத்து அந்த ஏழு வரியைத் தேடினாள். அவள் முகம் சிவந்தது. கலை குனிந்திருந்தாள்.

நேர்மை ஆபீஸ் அம்மா கேட்டார்: ஏழு வரி பொய் என்று நீங்களே சொல்கிறீர்கள், மற்றதை மட்டும் நாங்கள் ஏன் நம்பவேண்டும்?

"நம்ப வேணாம். ஒரு டம்ளர், ஒரு மணி நேரம் குடுங்க. எண்ணெய் நான் கொண்டாந்திருக்கேன். யாரும் கலக்கக் கூடாது. தொடக் கூடாது."

நடைமுறையில் அப்படி ஒன்று இல்லை என்றார் அந்த அம்மா. அவர் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். கீழேதான் லேப்பாம். வெளிப்பொருள் கொண்டுவந்ததற்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பொருளின் பெயர், அளவு, ஆபத்து உண்டா என்று கேள்விகள். தலைக்குத் தேய்ப்பது என்று கலை எழுதினாள்.

எத்தனை வருஷம் கழித்து ஒரு லேப்புக்குள் கால் வைக்கிறேன். வாசம் அதேதான். உலோகமும் ரப்பரும் கலந்த வாசம். எண்ணெயை உருக்கிச் சூடாக்கி, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் டம்ளரை நிறுத்தினார்கள். பேராசிரியர், திரையில் எண் காட்டும் கருவி ஒன்றையும் அதில் இறக்கினார். எனக்குக் கண்ணாடித் தெர்மாமீட்டர் வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். நான் கண்ணை நேராக வைத்துக் குனிந்தேன். திருத்திய பெண் நிமிஷம் சொல்ல, நான் அளவு சொல்ல, கலை எழுதினாள். எண் மட்டும் எனக்கு இங்கிலீஷிலும் தடுமாறாது.

முப்பது, இருபத்தேழு, இருபத்துநாலு. பேராசிரியர் உட்காரவே இல்லை. இருபத்திரண்டு. எண்ணெய் வெளுக்கவில்லை. கலையின் பேனா நின்றது. "எழுதுத்தா" என்றேன். இருபத்தொன்று. இருபது. பத்தொன்பது. பதினெட்டரை. இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. நிமிர்ந்தால் அந்த நிமிஷம் போய்விடும் என்று நிமிரவில்லை.

டம்ளரின் அடியில் வெள்ளை நூல் ஓடியது.

"நைன்டீன்" என்றேன்.

கலை எழுதினாள்.

"ட்வெண்ட்டி."

திருத்திய பெண் திரையைப் பார்த்தாள். அதிலும் இருபது. தொட்டியில் யாராவது வெந்நீர் ஊற்றிவிட்டார்களோ என்று தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கையை உதறினாள். அவ்வளவு குளிர்.

"ட்வெண்ட்டி ஒன். ட்வெண்ட்டி டூ." இருபத்திரண்டில் நின்றது.

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கலையிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். ஏன்?

கலை எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகைக்குப் போனாள். அவள் அங்கே சொன்னதை இப்போது எனக்காகத் தமிழில் அடிக்கிறாள். எண்ணெய் உறைய வேண்டிய சூட்டைத் தாண்டியும் உறையாமல் இறங்கிப் போகும், ஆடாமல் அசையாமல் விட்டால். எங்கேயாவது ஒரு புள்ளியில் உறையத் தொடங்கிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் உறையும். உறையும்போது, திரவமாக இருக்கையில் அது தனக்குள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அந்த வெப்பம்தான் தெர்மாமீட்டரை ஏற்றுகிறது. கலக்கினால் முன்னாலேயே உறையத் தொடங்கிவிடும், அதனால் ஏறாது. முந்தின நாள் வீட்டில் ஏன் ஏறவில்லை என்பதையும் அவளே சொன்னாள். தான் கலக்கியதால்தான் என்று.

பலகையில் கோடு போட்டுக் காட்டினாள். இறங்கி, கொஞ்சம் ஏறி, நேராகப் போகும் கோடு. எதிரே மூன்று பேரையும் வகுப்பாக்கிவிட்டாள். சந்தேகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள்! பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திருத்திய பெண், தான் இதுவரை திருத்தியதெல்லாம் காப்பியும் டீயும்தான் என்றும், கேள்வி கேட்கும்முன் ஒரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னாளாம்.

நேர்மை ஆபீஸ் அம்மா விட்டுவிடவில்லை. ஏழு வரி பொய், அளவெடுத்தது வேறு ஆள் என்பதை மறைத்தது தவறு. அதற்கு எச்சரிக்கையும் மதிப்பெண் குறைப்பும் உண்டு. ஒரு வாரத்துக்குள் அறிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். பாடம் ரத்து இல்லை. வெப்பநிலை ஏறியது உண்மை என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நியாயமான தீர்ப்பு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வெளியே வந்ததும் கலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் அப்படியே நடந்தாள்.

"நல்லா அளவு எடுத்தீங்கக்கா" என்றாள்.

அத்தை என்று சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.

6

புது அறிக்கையை இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம். அவள் வாசிக்க, நான் கேட்க. ஏழு வரியையும் காலியாக விட்டு, கீழே ஒரு குறிப்பு போட்டாள்: இந்த ஏழு நிமிடங்களுக்கு அளவு இல்லை, அளவெடுத்தவர் அடுப்படியில் இருந்தார். இது வேண்டாமே என்று கெஞ்சினேன். "நடந்தது அதான அத்தை" என்றாள்.

அளவெடுத்தவர் என்ற இடத்தில் செல்லம்மாள் என்று என் பெயரைப் போட்டாள். எத்தனை ஆயிரம் ரெக்கார்டு நோட்டை நான் தூக்கியிருப்பேன், அடுக்கியிருப்பேன், கயிறு போட்டுக் கட்டியிருப்பேன். படித்தவர் பெயர், நடத்தியவர் பெயர், மேற்பார்வை பார்த்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். என் பெயர் ஒன்றில்கூட இருந்ததில்லை. இதில் இருக்கிறது. அச்சில் இருக்கிறது. வாசித்துப் பார்த்துக்கொண்டேன், எழுத்துக்கூட்டாமலே.

என்னிடம் விடை கேட்டுப் பாஸானவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் பாஸானதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த லீ தட்டு பொய் சொல்லவில்லை. நாம்தான் அதைப் பேசவிடவில்லை. அது கொடுத்த விடையை வைத்துக்கொண்டு, ஏன் இப்படி வருகிறது என்று ஒருத்தர் கேட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ, யார் கண்டது.

போன வாரம் முடிவு வந்தது. அன்றைக்கே ஆசிரியர் பயிற்சியில் இடம் உறுதி என்று இன்னொரு கடிதமும் வந்தது. லாரியில் எங்கேயோ பனிக்குள் போய்க்கொண்டிருந்த முருகேசன், ஓரமாக நிறுத்திவிட்டு போனிலேயே அழுதான். அடுத்து கலை அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். இங்கே சாயங்காலம். அங்கே விடிந்து அய்யலூர்ச் சந்தை கூடியிருந்த நேரம். அவர் போனை எடுத்ததுமே ஆட்டுச் சத்தம்.

"அப்பா, பாஸாயிட்டேன். டீச்சர் சீட்டு உறுதியாயிருச்சு."

"கத்திப் பேசுத்தா, கேக்கல!"

"பாஸாயிட்டேன்ப்பா!"

"அட எஞ்சாமி! எம்புட்டு மார்க்கு?"

"எழுபத்தொண்ணு."

கொஞ்ச நேரம் ஆடுகள் மட்டும் பேசின. பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க நம்ம ஆளுக நாலு பேரு நிக்கிறாங்க. தொண்ணூறுன்னு சொல்லிரவா?"

கலை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எழுபத்தொண்ணுன்னே சொல்லுங்கப்பா" என்றாள். "வந்தது அதான்."

அவர் போனை வைக்க மறந்து, சந்தைப் பக்கம் திரும்பி, ஆட்டுச் சத்தத்தையெல்லாம் மீறிக் கத்தினார்: "எம்மக எழுபத்தொண்ணுடோய்!"